பத்தில் இருப்பதா, பதினொன்றுக்குப் போவதா

புது இயங்குதளம் வந்தால் பேச்செல்லாம் அது என்ன தருகிறது என்பதைச் சுற்றியே நடக்கிறது. ஸ்டார்ட் பொத்தான் நடுவுக்கு வந்துவிட்டது, பெட்டிகளின் மூலைகள் வளைந்துவிட்டன, செயற்கை நுண்ணறிவு ஓரத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது. கடிதம் அடிப்பவருக்கும் கணக்கு எழுதுபவருக்கும் பாதி நாளை பிரவுசரில் கழிப்பவருக்கும் இதனால் ஆகப்போவது சொற்பம். விண்டோஸ் 11 வெளிவந்தது 2021 அக்டோபர் 5-ஆம் தேதி. அதன் பிறகு நாலு வருஷம் பத்திலேயே இருந்தவர்கள் பெரிதாக எதையும் இழந்துவிடவில்லை. ஆகவே 'புதுசு நல்லா இருக்கா?' என்ற கேள்வியை ஓரமாக வைத்துவிடலாம். பார்க்க வேண்டியது இரண்டு தேதிகளை. பழையதற்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வருவது என்றைக்கு நிற்கிறது, புதியதன் ஆரம்பக் கோளாறுகள் என்றைக்கு அடங்குகின்றன? இந்த இரண்டுக்கும் நடுவில் கிடைக்கும் இடைவெளிதான் மாறுவதற்கான காலம். முதல் ஆளாக ஓடுவதும் தப்பு, கடைசி ஆளாக நிற்பதும் தப்பு.

முதல் ஆளாக ஓடுவது ஏன் தப்பு என்பதற்கு 2018 அக்டோபரைப் பார்த்தால் போதும். விண்டோஸ் 10-இன் அந்த அரையாண்டுப் பதிப்பு 2-ஆம் தேதி வெளியானது. சிலருடைய டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் கோப்புறைகள் அப்டேட் முடிந்ததும் காலியாகக் கிடந்தன. அந்தக் கோப்புறைகளை வேறு டிரைவுக்கு மாற்றி வைத்தவர்களின் கணினிகளில், பழைய இடத்தில் மிச்சமிருந்த கோப்புகளை அப்டேட் குப்பை என்று எண்ணி அழித்துவிட்டது. நாலே நாளில் மைக்ரோசாஃப்ட் விநியோகத்தை நிறுத்தியது. திருத்திய பதிப்பு வந்தது நவம்பர் 13-ஆம் தேதி. சோதனைப் பயனர்கள் சிலர் முன்கூட்டியே இதைப் புகாராக எழுதியிருந்தும் யாரும் கவனிக்கவில்லை. இது பழங்கதை என்று தள்ளவும் முடியாது. 2024-இல் வந்த விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பில் வெஸ்டர்ன் டிஜிட்டலின் சில எஸ்எஸ்டி மாடல்கள் நீலத் திரையில் போய் நின்றன. 2025 அக்டோபர் 14-ஆம் தேதி வந்த மாதாந்திர அப்டேட்டோ, பதினொன்றின் மீட்புத் திரையில் யுஎஸ்பி கீபோர்டும் மவுஸும் வேலை செய்யாமல் ஆக்கிவிட்டது. கணினி படுத்துவிட்டால் எழுப்புவதற்கென்றே இருக்கும் திரை அது! ஆறு நாளில் சரிசெய்துவிட்டார்கள் என்றாலும், அந்த ஆறு நாளில் மாட்டியவர் மாட்டியவர்தான். ஒவ்வோர் ஆண்டுப் பதிப்புக்கும் ஹோம், ப்ரோ வகைகளில் 24 மாத ஆதரவு உண்டு என்பதால், மூன்று நான்கு மாதம் பொறுப்பவருக்கு நஷ்டம் ஏதுமில்லை. மைக்ரோசாஃப்டே ஒரே நாளில் எல்லாருக்கும் தருவதில்லை. சிக்கல் தெரிந்த கணினிகளுக்குத் தடை போட்டுவிட்டு அலை அலையாகத்தான் விடுகிறது. அந்தத் தடையைச் சுற்றிக்கொண்டு கைமுறையாக ஏற்றுவதில் பெருமைப்பட ஒன்றுமில்லை.

இனி கடைசி ஆள். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. முடிந்தது என்றால் கணினி நின்றுபோகாது. நேற்று ஓடியது போலவே இன்றும் ஓடும். புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை அடைக்க ஆள் இருக்காது, அவ்வளவுதான். இரண்டும் ஒரே குடும்பம் என்பதால், பதினொன்றில் ஓர் ஓட்டையை அடைக்கும்போது அதே ஓட்டை பத்தில் எங்கே இருக்கிறது என்பதையும் திருடனுக்குக் காட்டிக்கொடுத்தது போலாகிறது. "எக்ஸ்பியையே ஆதரவு முடிந்தும் பல வருஷம் ஓட்டினோம், என்ன ஆயிற்று?" என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்கு 2017 மே மாதத்து வான்னாக்ரை இணையத் தாக்குதல் நல்ல பதில். ஆனால் வழக்கமாகச் சொல்லப்படும் விதத்தில் இல்லை. அந்தத் தாக்குதலில் பிரிட்டன் மருத்துவமனைகள் முடங்கியதற்கு எக்ஸ்பிதான் காரணம் என்று அப்போது பேசிக்கொண்டார்கள். உண்மையில் உலக அளவில் மாட்டிய கணினிகளில் பெரும்பாலானவை விண்டோஸ் 7. அதற்கு அப்போது ஆதரவு இருந்தது. ஓட்டையை அடைக்கும் திருத்தம் மார்ச் 14-ஆம் தேதியே வந்துவிட்டது. ஏற்றாமல் விட்டவர்கள்தான் மாட்டினார்கள். ஆக, காப்பாற்றுவது பதிப்பு எண் இல்லை, திருத்தம். பதினொன்றை ஏற்றிவிட்டு அப்டேட்டை நிறுத்தி வைப்பவரைவிட, திருத்தம் வாங்கிக்கொண்டு பத்தில் இருப்பவர் பத்திரமாக இருக்கிறார்.

அப்படிப் பத்துக்குத் திருத்தம் வாங்க இன்னும் ஒரு வழி இருக்கிறது. நீட்டிக்கப்பட்ட பாதுகாப்புத் திட்டத்தில் சேர்ந்தால் வீட்டுக் கணினிகளுக்கு 2026 அக்டோபர் 13 வரை திருத்தங்கள் வரும். பதிப்பு 22எச்2 ஆக இருக்க வேண்டும். 30 டாலருக்கு இணையான தொகை கட்டலாம். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து கணினியின் அமைப்புகளை அவர்களது மேகத்தில் பேக்கப் செய்ய ஒப்புக்கொண்டால் காசு வேண்டாம். கோப்புகளையும் சேர்த்து அனுப்பினீர்களானால் இலவசமான 5 ஜிபி சீக்கிரமே நிரம்பிப் பணம் கேட்கும், அமைப்புகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அலுவலகங்களுக்கு இந்தக் கருணை கிடையாது: முதலாண்டு ஒரு கணினிக்கு 61 டாலர், ஆண்டுதோறும் இரட்டிப்பு, மூன்றாண்டு வரைதான். இதைத் தீர்வாக நினைக்கக் கூடாது, வாய்தாவாக நினைக்கலாம். புதுக் கணினி வாங்கப் பணம் சேர்க்கவோ பழைய சாஃப்ட்வேருக்கு மாற்று தேடவோ வாய்தா தேவைப்படுபவர் வாங்கிக்கொள்ளட்டும். கணினி பதினொன்றைத் தாங்கும், அதிலுள்ள சாஃப்ட்வேரும் ஓடும் என்றால் எதற்காக வாய்தா?

தாங்குமா என்று பார்ப்பது எளிது. இன்டெல் ஐ5-7200யு என்று ஒட்டியிருந்தால் கோட்டுக்குப் பின்னால் வரும் 7 ஏழாம் தலைமுறை; பதினொன்றின் பட்டியலில் ஓரிரு விதிவிலக்கு தவிர எட்டாம் தலைமுறையிலிருந்துதான் இடம். ஐ5-8250யு உள்ளே, 7200யு வெளியே. அடுத்தது டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு. 'இந்தக் கணினியில் ஓடாது' என்று செய்தி வந்ததுமே பழைய சாமான் விலைக்குத் தள்ளிவிடுபவர்கள் முதலில் பயாஸுக்குள் போய்ப் பார்ப்பது நல்லது. அங்கே இன்டெல் பிடிடி என்றோ ஏஎம்டி எஃப்டிபிஎம் என்றோ ஒரு வரி அணைத்து வைக்கப்பட்டிருக்கும். அதைப் போட்டுவிட்டால் பல கணினிகள் தேறிவிடும். 4 ஜிபி ரேம் போதும் என்று எழுதியிருப்பதை நம்ப வேண்டாம். 8 இல்லாமல், எஸ்எஸ்டி இல்லாமல் ஏற்றினால் காலையில் சுவிட்சைப் போட்டுவிட்டுக் காபி குடித்து வரலாம்.

தேறாத கணினிகளைப் பொறுத்தவரை மைக்ரோசாஃப்டின் மேல் வருத்தப்பட நியாயம் இருக்கிறது. நன்றாக ஓடும் கணினியை ஒரு பட்டியல் குப்பையாக்குகிறது. அதற்காகத் தடையைத் தாண்டி பென்டிரைவ் வழியாகப் பதினொன்றை ஏற்றுவது, நோண்டிப் பார்ப்பதில் ருசி கண்டவர்களுக்குத்தான் சரி. மாதாந்திரத் திருத்தங்கள் வந்துகொண்டிருக்கலாம்; ஆனால் உத்தரவாதம் கிடையாது, ஆண்டுப் பதிப்பு தானாக வராது. பிழைப்புக்கான கணினியில் அந்த விளையாட்டு வேண்டாம். பிரவுசரும் கடிதமும் மட்டும் வேண்டிய வீட்டுக்கு லினக்ஸ் நேர்மையான வழி. 2024 ஏப்ரலில் வந்த உபுண்டு 24.04-க்கு ஐந்தாண்டுத் திருத்தம் இலவசமாகவே உண்டு. தமிழ் தட்டச்சும் தமிழ் எழுத்துருக்களும் கிடைக்கின்றன. சி-டாக் சென்னையில் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருக்கிறது. டேலி ஓட வேண்டும் என்கிறவருக்கு மட்டும் இது ஒத்துவராது. அது விண்டோஸுக்கென்றே எழுதப்பட்டது.

தமிழில் வேலை செய்பவர்களுக்கு உண்மையான முட்டுக்கட்டை வேறு இடத்தில் இருக்கிறது. யூனிகோடில் அடிப்பவருக்குக் கவலையில்லை: தமிழ்99 கீபோர்டும் ஒலிபெயர்ப்புக் கீபோர்டும் பதினொன்றிலேயே வருகின்றன. அச்சகங்களிலும் டிடிபி கடைகளிலும் கதை வேறு. பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பான 7.0 வந்தது 2001-இல். யூனிகோடுக்கு முந்திய எழுத்துருக்களில் அடித்த கோப்புகளை அதைத் திறக்காமல் எடுக்க வழியில்லாத இடங்கள் இன்னும் இருக்கின்றன. பதினொன்றில் 32 பிட் பதிப்பு என்பதே கிடையாது. 16 பிட் நிரல் எதுவும் அதில் அசையாது. பழைய சாஃப்ட்வேர் சிடியில் முதன்மை நிரல் 32 பிட்டாக இருந்தாலும் அதை நிறுவும் நிரல் 16 பிட்டாக இருந்தால் பெரும்பாலும் உள்ளே நுழைய முடியாது. இப்படிப்பட்ட இடத்தில் இரண்டு கணினியாகப் பிரிப்பதே நல்லது. பழையதை நெட் கேபிளைப் பிடுங்கிவிட்டு அந்தக் கோப்புகளுக்கென்று மட்டும் வைத்துக்கொள்ளலாம். கெட்ட நிரல் பென்டிரைவிலும் வரும் என்பதால், அதில் செருகும் பென்டிரைவ் வேறெங்கும் போகாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். இந்த ஓர் இடத்தில் கடைசி ஆளாக நிற்பது தப்பில்லை.

மாறுவதென்று ஆனபின் திரும்பி வரும் கதவைத் திறந்து வைக்க வேண்டும். கோப்புகளை வெளி ஹார்ட் டிஸ்க்கில் நகல் எடுப்பது பாலபாடம். அடுத்தது பலர் மறப்பது: புதிய பதிப்புகளைச் சுத்தமாக நிறுவி மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழையும்போது டிஸ்க் தானாகவே பூட்டப்பட்டுவிடும். அதற்கான 48 இலக்கச் சாவி அந்தக் கணக்கில் கிடக்கும். மதர்போர்டைக் கழற்றி மாற்றும் நாளில் அந்தச் சாவியைக் கேட்கும். அப்போது கணக்கின் பாஸ்வேர்டும் நினைவில்லை என்றால் டிஸ்க்கில் உள்ளது போனது போனதுதான். காகிதத்தில் எழுதி பீரோவில் வையுங்கள். மூன்றாவது, பத்திலிருந்து மேலேற்றிய பின் பழையதற்குத் திரும்ப 10 நாள் அவகாசம் தருகிறார்கள். இடம் போதவில்லை என்று விண்டோஸ்.ஓல்ட் கோப்புறையை இடையில் அழித்தால் அதுவும் போயிற்று. அந்தப் பத்து நாளில் கணினியைச் சும்மா பார்த்துக்கொண்டிருக்காமல், மாதத்தில் செய்யும் எல்லா வேலையையும் ஒருமுறை செய்து பார்க்க வேண்டும்: டாட் மேட்ரிக்ஸ் பிரின்டரில் ஒரு பில், ஸ்கேனரில் ஒரு தாள், டிஜிட்டல் கையெழுத்து டோக்கனில் ஒரு கையெழுத்து. டோக்கனின் டிரைவர் ஏறாமல் போனால் ஜிஎஸ்டி தளத்தில் கையெழுத்து விழாது. மாதந்தோறும் தாக்கல் செய்பவர்களுக்கு ஜிஎஸ்டிஆர்-1 கெடு 11-ஆம் தேதி, 3பி-யின் கெடு 20-ஆம் தேதி. ஆகவே ஆடிட்டர் அலுவலகக் கணினிக்கு 21-ஆம் தேதி காலை உகந்த நேரம்: மாதம் முடிவதற்குள் பத்து நாள் கையில் இருக்கும். ஜூலையில் மட்டும் வேண்டாம். வருமான வரிக் கூட்டம் வாசலில் நிற்கும்.