பிள்ளை பெற்றவளுக்கு என்ன கொண்டுபோவது?

ஞானஸ்நான வீட்டிற்கு நாம் வெறுங்கையோடு போவதில்லை. வெள்ளிக் கொலுசும் பட்டுச் சட்டையும் குழந்தைக்கு வந்து சேருகின்றன. மூலையில் வாடிய முகத்தோடு உட்கார்ந்திருக்கும் தாயை யார் கவனித்தோம்?

பிரசவித்த சில நாட்களில் காரணமின்றிக் கண் கலங்குவது பலருக்கும் உண்டு; பெரும்பாலும் இரண்டு வாரத்திற்குள் தானே தெளிந்துவிடும். அதன் பின்னும் தூக்கமும் பசியும் கெட்டு, குழந்தைமீதும் பற்றில்லாதிருந்தால் அது வியாதி. திமிருமல்ல, பேய்க்கோளாறுமல்ல.

திருவாலங்காட்டுக்கு மேற்கே, வேலூரையடுத்த கணியம்பாடி வட்டாரக் கிராமங்களில் கர்ப்பிணிகள் 359 பேரைச் சேர்த்துச் செய்த ஆராய்ச்சி 2002-ல் வெளியாயிற்று. பிரசவத்திற்குப்பின் நூற்றுக்கு 11 பேருக்கு இவ்வியாதி புதிதாய்க் கண்டது. வறுமை, ஆண் பிள்ளையை எதிர்பார்த்திருக்கப் பெண் பிறந்தது, மாமியாரோடு மனத்தாங்கல், கைவேலைக்கு உதவியின்மை ஆகியவை அதற்குத் துணைபோயின.

ஆகவே உங்கள் பரிசை யோசித்துக் கொடுங்கள். ஒரு வாரம் ஒருவேளைச் சோறும் குழம்பும் கொண்டுபோங்கள். குழந்தைத் துணிகளைத் துவைத்துக் கொடுங்கள். இரண்டு மணி நேரம் குழந்தையை மடியில் வாங்கிக்கொண்டு, தாயைத் தூங்கவிடுங்கள். "மறுபடியும் பெண்ணா?" என்ற கேள்வியை வாசலிலேயே விட்டுவிடுங்கள், அதுவும் பரிசுதான். "உனக்கு எப்படியம்மா இருக்கிறது?" என்று விசாரித்து, அவள் சொல்வதைப் பொறுமையாய்க் கேளுங்கள்.

துக்கம் தீராவிட்டால், வீட்டாரோடு பேசி ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு அழைத்துச் செல்லுங்கள். 14416 என்ற தொலைபேசி எண்ணில் இலவசமாய் ஆலோசனை கிடைக்கும். சாக வேண்டும் என்றோ, குழந்தை வேண்டாம் என்றோ சொன்னால் தனியே விடாதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

உங்கள் தெருவில் பிள்ளை பெற்றவள் யார் என்று இன்றே விசாரியுங்கள்.