இம்மாதப் பாடம்: சின்ன அறையில் குளிரைச் சமாளிப்பது எப்படி?



மழை ஓய்ந்து மார்கழி நெருங்கினாலே நம் நீலகிரியில் எல்லாக் குழுக் கூட்டத்திலும் ஒரே பேச்சுதான். "ராத்திரி தூக்கமே இல்லீங்க, குளிர் எலும்புக்குள்ள போகுது" என்று சொல்லாத உறுப்பினர் இல்லை. டிசம்பர், ஜனவரி மாதங்களில் உதகைப் பக்கம் உறைபனி விழுந்து புல் வெள்ளையாகிவிடுகிறது. சில நாள் 0 டிகிரி வரை இறங்குகிறது. குன்னூர், கோத்தகிரி பக்கம் அவ்வளவு இல்லை என்றாலும், தகரக் கூரைக்குக் கீழே படுக்கிறவர்களுக்கு எல்லா ஊரும் ஒன்றுதான்.

நம் உறுப்பினர்களில் பலர் லைன் வீட்டிலும், சீட் போட்ட ஒற்றை அறை வீட்டிலும் இருக்கிறார்கள். ஹீட்டர் வாங்கலாமா என்று சிலர் எங்களிடம் கேட்டார்கள். முதலில் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2000 வாட் ஹீட்டர் ஒரு மணி நேரம் ஓடினால் 2 யூனிட். ராத்திரி 4 மணி நேரம் போட்டால் 8 யூனிட். இரண்டு மாதத்துக்கு 480 யூனிட். இது நம் வீட்டு பில்லுக்குத் தாங்காது. பழைய ஒயரிலும் சாதா எக்ஸ்டென்ஷன் பாக்ஸிலும் இதை மாட்டினால் ஒயர் சூடாகித் தீப்பிடிக்கும் ஆபத்தும் உண்டு.

ஆகவே இந்தப் பாடத்தில் இரண்டு விஷயங்கள் பார்க்கப் போகிறோம். ஒன்று, அதிகச் செலவில்லாமல் அறையின் சூட்டைக் காப்பது. இரண்டு, அறைக்குள் கரி நெருப்பு வைப்பது பற்றி. இரண்டாவது உயிர் சம்பந்தப்பட்டது. கூட்டத்தில் நேரம் குறைவாக இருந்தால் அந்தப் பகுதியை மட்டுமாவது ஊக்குநர் எல்லோருக்கும் வாசித்துக் காட்ட வேண்டும்.

சூடு எங்கே போகிறது?

சேமிப்பைப் பற்றி நாம் என்ன பேசுகிறோம்? வருமானம் குறைவாக இருந்தாலும் வீண் செலவை அடைத்தால் கையில் கொஞ்சம் நிற்கும் என்கிறோம். சூடும் அப்படித்தான். ஒரு ஆள் சும்மா உட்கார்ந்திருந்தாலே, அவர் உடம்பிலிருந்து கிட்டத்தட்ட 100 வாட் குண்டு பல்பு தருகிற அளவு சூடு வெளியே வருகிறது. நான்கு பேர் உள்ள அறையில் நான்கு பல்பு எரிகிற மாதிரி. இதுபோக சமையல் செய்த சூடு, பகலில் வெயில் தந்த சூடு. இவ்வளவு வந்தும் அறை ஏன் சில்லென்று இருக்கிறது? வந்த சூடு கதவு இடுக்கு, உடைந்த ஜன்னல், கூரை, தரை என்று நான்கு வழியில் போய்விடுகிறது. அந்த வழிகளை ஒவ்வொன்றாக அடைப்போம்.

1. கதவும் ஜன்னலும்

கதவுக்கு அடியில் உள்ள சந்துதான் பெரிய ஓட்டை. பழைய பேண்ட் காலை வெட்டி, ஒரு பக்கம் தைத்து, காய்ந்த மணல் அல்லது மரத்தூள் நிரப்பி, மறு பக்கத்தையும் தைத்துவிடுங்கள். தலையணை மாதிரி நீளமாக இருக்கும். ராத்திரி கதவை ஒட்டிப் போட்டால் காற்று வராது. ஊசி நூல் தவிர செலவில்லை.

கண்ணாடி உடைந்த ஜன்னலுக்கு அட்டை வைத்தால் வெளிச்சம் போய்விடும். கெட்டியான கண்ணாடிப் பிளாஸ்டிக் தாளை உள்பக்கம் ஒன்று, வெளிப்பக்கம் ஒன்று என்று சட்டத்தில் அடியுங்கள். நடுவில் ஒரு விரல் இடைவெளி இருக்கட்டும். அசையாமல் நிற்கிற காற்று சூட்டை வெளியே விடாது. கம்பளி நமக்குச் சூடு தருவதும் இதே காரணத்தால்தான்.

ராத்திரிக்குப் பழைய சேலையை இரண்டு மடிப்பாகத் தைத்துத் திரை போடலாம். திரை ஜன்னலைத் தாண்டி இரண்டு பக்கமும் கொஞ்சம் நீண்டிருக்க வேண்டும்.

ஒன்றை மறக்க வேண்டாம். மேலே உள்ள வென்டிலேட்டரை முழுசாக அடைக்கக் கூடாது. நாம் விடுகிற மூச்சில் ஈரம் இருக்கிறது. அது போக வழியில்லை என்றால் காலையில் சீட்டிலிருந்து சொட்டும், துணியெல்லாம் ஈரவாடை அடிக்கும். வீட்டில் யாருக்காவது சளி, இருமல் இருந்தால் மற்றவர்களுக்கும் சீக்கிரம் பரவும்.

2. கூரை

சூடான காற்று மேலே போகும். மேலே இருப்பது தகரம் என்றால் அந்தச் சூடு அங்கேயே தொலைந்துவிடும். படுக்கிற இடத்துக்கு மேலே மட்டும் மூங்கில் தட்டியோ, சாக்குகளைச் சேர்த்துத் தைத்த விரிப்போ கட்டினால் நல்ல வித்தியாசம் தெரியும். சீட்டுக்கும் அதற்கும் ஒரு சாண் இடைவெளி விடுங்கள். அடுப்புக்கு மேலேயும், அடுப்புக்குப் பக்கத்திலும் இதைக் கட்டவே கூடாது, தீப்பொறி பட்டால் பிடித்துக்கொள்ளும். ஆஸ்பெஸ்டாஸ் சீட்டாக இருந்தால் அதில் ஓட்டை போடவோ உடைக்கவோ வேண்டாம். அந்தத் தூசி நுரையீரலுக்குக் கெடுதல். சுவரில் ஆணி அடித்துக் கயிறு கட்டிக்கொள்ளலாம்.

3. தரை

மேலே இரண்டு கம்பளி போர்த்தியும் குளிருகிறது என்பவர்கள் கீழே என்ன விரித்திருக்கிறார்கள் என்று பார்த்தால் ஒரு பாய்தான் இருக்கும். சிமெண்ட் தரை உடம்புச் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். பாய்க்கு அடியில் அட்டைப்பெட்டியைப் பிரித்துப் போட்டு, அதன் மேல் சாக்கு, அதன் மேல் ஜமுக்காளம் விரியுங்கள். கட்டிலில் படுப்பவர்களுக்கும் அடியில் காற்று ஓடுவதால் கீழ் விரிப்பு தேவை. காலையில் எல்லாவற்றையும் எடுத்து நிமிர்த்தி வைத்தால் ஈரம் பிடிக்காது.

4. வெயில்

வெயில்தான் நமக்குக் கிடைக்கும் இலவச ஹீட்டர். குளிர்காலத்தில் சூரியன் தெற்கே சாய்ந்து போகிறது. அதனால் தெற்குப் பார்த்த ஜன்னல் இருந்தால் பகலில் திரையை முழுசாக விலக்கி வெயிலை உள்ளே விடுங்கள். கம்பளி, தலையணை, விரிப்பு எல்லாவற்றையும் வெளியே காயப் போடுங்கள். ஈரம் ஏறிய கம்பளி சூட்டைக் காக்காது. வெயில் இறங்குவதற்கு முன்பே, 4 மணி வாக்கில் ஜன்னலைச் சாத்தி, துணிகளை உள்ளே எடுத்துவிட வேண்டும். வேலைக்குப் போகிறவர்கள் பள்ளி விட்டு வரும் பிள்ளைகளிடம் இந்த வேலையைச் சொல்லி வைக்கலாம், ஆண்பிள்ளைகளிடமும்தான்.

5. நம் உடம்பு

தடிமனான ஒரு சட்டையை விட மெல்லியதாக இரண்டு மூன்று போடுவது நல்லது. தலைக்குக் குல்லா, காலுக்கு சாக்ஸ் வேண்டும். ரப்பர் வெந்நீர்ப் பை இருந்தால், சமைத்து முடித்த அடுப்பில் தண்ணீர் வைத்து, கொதிக்காத பதத்தில் நிரப்பி, துணியில் சுற்றி கால்மாட்டில் வைக்கலாம். கைக்குழந்தைக்கும் நடமாட முடியாத வயதானவர்களுக்கும் உடம்பில் படும்படி வைக்க வேண்டாம், தோல் வெந்துவிடும்.

பிறந்த குழந்தைக்குத் தாயின் நெஞ்சுச் சூட்டை விடப் பெரிய கம்பளி இல்லை. 1978-ஆம் ஆண்டு கொலம்பியா நாட்டின் போகோட்டா நகரில் டாக்டர் எட்கர் ரே தொடங்கிய கங்காரு முறை இதுதான். எடை குறைந்த குழந்தையைத் தாயின் மார்போடு, தோலோடு தோல் படும்படி அணைத்துக் கட்டிக்கொள்வது. இன்று அரசு மருத்துவமனைகளிலும் சொல்லித் தருகிறார்கள். குழந்தையின் முகத்தைத் துணியால் மூடக் கூடாது.

"கொஞ்சம் குடிச்சாதான் குளிர் தாங்கும்" என்று வீட்டில் சொல்கிறவர்களுக்கும் ஒரு பதில் வைத்துக்கொள்ளுங்கள். குடித்தால் தோலுக்கு அடியில் உள்ள ரத்தக் குழாய் விரிந்து, உள்ளே இருக்கும் சூடு வெளியே போகும். குளிர் தெரியாதே தவிர உடம்பு இன்னும் வேகமாகக் குளிர்ந்துவிடும்.

கரி நெருப்பு: கட்டாயம் படிக்க வேண்டியது

நீலகிரியிலும் கொடைக்கானலிலும், மூடிய அறையில் கரி அடுப்பு வைத்துத் தூங்கியவர்கள் காலையில் எழுந்திருக்கவில்லை என்ற செய்தி குளிர்காலத்தில் பத்திரிகையில் வருவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். இது ஏன் நடக்கிறது?

கரி எரியும்போது கார்பன் மோனாக்சைடு என்ற விஷ வாயு வருகிறது. இதற்கு நிறம் இல்லை, வாசனை இல்லை. ரத்தசோகை முகாமில் ஹீமோகுளோபின் பார்த்தது நினைவிருக்கும். மூச்சில் வரும் ஆக்சிஜனை உடம்பு முழுக்கச் சுமந்து போவது அதுதான். இந்த விஷ வாயு ஆக்சிஜனை விட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஹீமோகுளோபினைப் பிடித்துக்கொள்கிறது. பிறகு ஆக்சிஜனுக்கு இடமில்லை. தூக்கத்திலேயே மயக்கம் வந்துவிடுவதால் எழுந்து கதவைத் திறக்கவும் முடியாது. கர்ப்பிணிக்கும், வயிற்றில் உள்ள குழந்தைக்கும், ரத்தசோகை உள்ளவர்களுக்கும் ஆபத்து இன்னும் அதிகம்.

கூட்டங்களில் நாங்கள் கேட்ட சில பேச்சுகளும் அதற்குப் பதிலும்:

"புகையே இல்லீங்க, வெறும் கங்குதான்." புகை இல்லாத கங்கிலிருந்துதான் இந்த வாயு நிறைய வருகிறது. புகை இருந்தாலாவது இருமி எழுந்துவிடுவோம்.

"பக்கத்துல ஒரு சொம்பு தண்ணி வெச்சிடுவோம்." தண்ணீர் இந்த வாயுவை இழுக்காது.

"சாம்பல் போட்டு மூடிட்டோம்." சாம்பலுக்குள் கங்கு காலை வரை உயிரோடு இருக்கும். வாயுவும் வந்துகொண்டே இருக்கும்.

"எங்க பாட்டி காலத்துல இருந்து வெக்கிறோம், ஒண்ணும் ஆகல." பாட்டி காலத்து வீட்டில் ஓட்டு இடுக்கிலும் கதவுச் சந்திலும் காற்று வந்து போனது. இன்று நாம் சந்துகளை அடைக்கிறோம். இந்தப் பாடத்தில் சொன்னபடி அடைத்தால் இன்னும் நன்றாக அடைபடும். அதனால்தான் இரண்டையும் சேர்த்துச் சொல்கிறோம். ஓட்டை அடைத்த அறையும் கரி நெருப்பும் ஒரே வீட்டில் சேரக் கூடாது.

நெருப்புக் காய வேண்டுமானால் வாசலில் மூட்டி எல்லோரும் காய்ந்துவிட்டு, தண்ணீர் ஊற்றி முழுசாக அணைத்த பிறகு உள்ளே வாருங்கள். படுக்கிற அறையிலேயே விறகடுப்பு உள்ளவர்கள் சீக்கிரம் சமைத்து முடிக்க வேண்டும். சமைக்கும்போது ஜன்னல் திறந்திருக்க வேண்டும். பிறகு கங்கையும் சாம்பலையும் இரும்புச் சட்டியில் அள்ளி வெளியே கொண்டுபோய் தண்ணீர் ஊற்றுங்கள். கதவைக் கால் மணி நேரம் திறந்து வைத்துவிட்டுப் பிறகு அடையுங்கள். கேஸ் அடுப்பையும் சூட்டுக்காக எரியவிடக் கூடாது.

ஒரே அறையில் உள்ள இரண்டு மூன்று பேருக்கு ஒரே நேரத்தில் தலைவலி, தலைசுற்றல், வாந்தி வந்தால் இந்த வாயுவாக இருக்கலாம் என்று சந்தேகப்படுங்கள். உடனே கதவு ஜன்னல்களைத் திறந்து எல்லோரையும் வெளிக்காற்றுக்குக் கொண்டுவந்து 108-க்குப் போன் செய்யுங்கள். மயக்கத்தில் இருப்பவர் வாயில் மோர், எலுமிச்சைச் சாறு எதுவும் ஊற்ற வேண்டாம். தெளிந்துவிட்டாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும். கரி நெருப்பு வைத்த அறையில் படுத்திருந்தார் என்று டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அப்போதுதான் சரியான சிகிச்சையாக ஆக்சிஜன் கொடுப்பார்கள்.

குழுவாக என்ன செய்யலாம்?

கம்பளி, பிளாஸ்டிக் தாள், தட்டி இவற்றை ஆளுக்கு ஒன்றாக வாங்காமல் குழுவாகச் சேர்ந்து மொத்தமாக வாங்கினால் விலை குறையும். உள்கடனில் சின்னத் தொகையாகக் கொடுத்து மூன்று நான்கு தவணையில் வாங்கிக்கொள்ளலாம். தனியாக இருக்கும் வயதானவர்கள் வீட்டுக்கு இரண்டு உறுப்பினர்கள் போய், கதவுத் தலையணை தைத்துக் கொடுத்து, அடுப்பு அணைந்திருக்கிறதா என்றும் பார்த்து வரலாம்.

லைன் வீட்டில் கூரை ஒழுகுவதும் கதவு உடைந்திருப்பதும் நம் தலைவிதி இல்லை. தோட்டத் தொழிலாளருக்குக் குடியிருப்பு தர வேண்டும் என்று 1951-ஆம் ஆண்டு தோட்டத் தொழிலாளர் சட்டமே சொன்னது. 2020-ஆம் ஆண்டின் தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அந்த வீட்டு வசதி சொல்லப்பட்டிருக்கிறது. எந்த வீட்டில் என்ன பழுது என்று பட்டியல் எழுதி, எல்லோரும் கையெழுத்திட்டு நிர்வாகத்திடம் கொடுங்கள். ஒரு நகல் கூட்டமைப்புக்கும் வரட்டும்.

கூட்டத்தில் பேச:

1. நம் ஒவ்வொருவர் வீட்டிலும் சூடு போகும் பெரிய ஓட்டை எது? இந்த வாரம் அதில் எதை அடைக்கப் போகிறோம்?

2. நம் லைனில், நம் தெருவில் ராத்திரி உள்ளே கரி வைப்பவர்கள் யார்? அவர்களிடம் யார் போய்ப் பேசுவது?

3. "படுக்கும் அறையில் நெருப்பு வைக்க மாட்டோம்" என்று தீர்மானம் எழுதலாமா?

மூன்றாவது கேள்விக்குத் தீர்மானப் புத்தகத்தில் எல்லோருடைய கையெழுத்தும் வேண்டும். அடுத்த மாதம் கூட்டத்துக்கு வரும்போது நாங்கள் அந்தப் பக்கத்தைத்தான் முதலில் பார்ப்போம்.