கொய்யாவின் பிணிகளும் மரத்தடிப் பராமரிப்பும்

வன்னிப் பகுதியிலே நெல்லும் மரக்கறியும் செய்யும் கமக்காரர் பலர், வீட்டு வளவில் நிற்கும் கொய்யாவை ஒரு பயிராகக் கருதுவதில்லை. தானே முளைத்து, தானே காய்ப்பது என்று அதனை விட்டுவிடுகின்றனர். பழம் புழுத்து விழத் தொடங்கியதும், இம்மரம் உதவாதெனக் கோடரி எடுக்கின்றனர். 2009ஆம் ஆண்டிலே போர் முடிந்த பின்னர் தண்ணீரூற்று, முள்ளியவளை முதலிய ஊர்களுக்கு மீண்டு வந்த குடும்பங்கள் பலவற்றின் வளவுகளில், ஆண்டுக்கணக்காகக் கவனிப்பாரின்றி நின்ற கொய்யா மரங்கள் இருந்தன. அத்தகைய மரத்தையும் மீண்டும் பயன் தரச் செய்யலாம். கொய்யாவைப் பற்றும் பிணிகளுட் பெரும்பாலானவை மரத்தின் அடியிலேயே தோன்றுகின்றன. ஆதலின், மருந்து தேடுமுன் மரத்தடியைத் திருத்துதல் வேண்டும்.

கொய்யாவின் தாயகம் அமெரிக்காவின் வெப்பப் பகுதியாகும். வறட்சியைத் தாங்கி வளரும் இம்மரத்தின் பழத்திலே தோடம்பழத்திலும் பன்மடங்கு உயிர்ச்சத்து ‘சி’ உண்டு. வளரும் பிள்ளைகள் உள்ள வீட்டிற்கு இரண்டு நல்ல மரங்கள் பெருந் துணையாகும்.

நிலமும் நடுகையும்

கொய்யா பலவகை மண்ணிலும் வளரும். ஆனால் வேரடியில் நீர் தேங்குவதை அது பொறுக்காது. ஊற்றினாலே பெயர் பெற்ற தண்ணீரூற்றில், மாரியில் நீர் கசியும் தாழ்ந்த இடங்களை இதற்குத் தெரிதலாகாது. நட எண்ணிய இடத்திலே இரண்டு அடி ஆழத்துக்கு ஒரு கிடங்கு வெட்டி, மாரி மழையின்போது பார்க்க. மழை விட்டு ஒரு நாளாகியும் நீர் வடியாது நிற்குமாயின், அவ்விடம் கொய்யாவுக்கு உகந்ததன்று. வேறிடம் இல்லையாயின், ஓர் அடி உயரத்துக்கு மண்மேடு அமைத்து, சுற்றிலும் வடிகால் வெட்டி, மேட்டின்மேல் நடுக.

விதையிலிருந்து முளைத்த கன்று தாய்மரத்தின் குணத்தை அப்படியே கொண்டிராது. ஆகையால் பதிவைத்த கன்றையோ ஒட்டுக் கன்றையோ நம்பிக்கையான நாற்றுமேடையிற் பெறுக. நீளம், அகலம், ஆழம் ஒவ்வொன்றும் இரண்டு அடியாகக் கிடங்கு வெட்டி, மேல்மண்ணுடன் நன்கு உக்கிய மாட்டெருவைக் கலந்து நிரப்புக. மரத்துக்கு மரம் 16 அடி இடைவெளி விடுக. ஐப்பசி மழை தொடங்கியதும் நட்டால், மாரி முடியுமுன் வேர் பிடித்துக்கொள்ளும். முதற் கோடையிலே கிழமைக்கு இருமுறையேனும் நீர் இறைத்தல் வேண்டும்.

கத்தரி, மிளகாய், தக்காளி செய்த தோட்டத்திற் கொய்யாவை நட விரும்புவோர், முன்னைய பயிரின் வேரைப் பிடுங்கிப் பார்க்க. வேரிலே மணி கோத்தாற்போல முடிச்சுகள் காணப்படின், கண்ணுக்குத் தெரியாத வட்டப்புழுக்கள் அம்மண்ணில் உள்ளன என்பது பொருள். அவை கொய்யாவின் வேரையும் தாக்கும். தாக்குண்ட மரம் நீர் இருந்தும் வாடி, இலை வெளிறி, வளர்ச்சி குன்றும். அத்தகைய நிலத்தை விலக்குதலே நன்று.

பழத்திற் புழு

கொய்யாச் செய்கையாளரை மிகவும் மனந்தளரச் செய்வது பழ ஈயின் தாக்கமாகும். பெண் ஈ, முற்றிவரும் காயின் தோலைத் துளைத்து உள்ளே முட்டையிடுகின்றது. ஓரிரு நாளில் முட்டை பொரித்து, புழு ஏறக்குறைய ஒரு வாரம் சதையைத் தின்கின்றது. பழம் அழுகி விழுந்ததும், புழு வெளியேறி மண்ணுட் புகுந்து கூட்டுப்புழுவாகின்றது. பத்து நாள் அளவில் புதிய ஈ மண்ணிலிருந்து எழுகின்றது. எனவே, இன்று விழுந்த பழத்தைக் கிடந்தபடி விட்டால், மூன்று வாரத்துக்குள் அதே மரத்துக்குப் புதிய ஈக்கூட்டத்தை நாமே வளர்த்துக் கொடுத்தவராவோம்.

காயினுள் இருக்கும் புழுவை மேலே தெளிக்கும் மருந்து எட்டுவதில்லை. பழுக்குந் தறுவாயில் தெளித்த நஞ்சோ உண்பவரைச் சேரும். ஆகையாற் பின்வரும் முறைகளைக் கையாளுக:

1. விழுந்த பழங்களையும், மரத்திலேயே அழுகி நிற்பனவற்றையும் இரண்டு நாளுக்கொருமுறை தவறாது பொறுக்குக. அவற்றை எருக்குவியலில் எறிதலாகாது. இரண்டு அடி ஆழத்திற் புதைத்து மண்ணை இறுக மிதிக்க. அல்லது கறுப்புப் பொலித்தீன் பையிலிட்டு வாயை இறுகக் கட்டி, ஒரு வாரம் கடும் வெயிலில் வைக்க.

2. காய் எலுமிச்சங்காய் அளவு வந்ததும் கடதாசிப் பையினால் மூடி, காம்போடு கட்டுக. மூடுமுன் காயிலே துளை உண்டா எனப் பார்க்க. மழைநீர் தேங்காதபடி பையின் அடியிற் சிறு துளை இடுக.

3. மரத்தடி மண்ணை அடிக்கடி மெல்லக் கொத்திக் கிளறுக. வெளிப்படும் கூட்டுப்புழுக்களைக் கோழிகள் பொறுக்கித் தின்னும்.

4. முற்றிய காய்களை நன்கு பழுக்குமுன்னரே பறித்துவிடுக.

ஈ வேலியை மதிப்பதில்லை. ஒரு வளவிலே பழம் பொறுக்கி, அயல் வளவிலே விட்டுவைத்தாற் பயன் குறையும். அயலவர் அனைவரும் ஒரே காலத்தில் இதனைச் செய்தல் இன்றியமையாதது.

மாப்பூச்சியும் எறும்பும்

இலையின் அடியிலும் காய்க்காம்பிலும் வெண்பஞ்சு போலப் படிந்து சாற்றை உறிஞ்சுவது மாப்பூச்சி. அது கழிக்கும் இனிப்பு நீரின்மேற் கரிபோன்ற பூஞ்சணம் படர்ந்து இலை கறுக்கும். 2008இல் இலங்கையிற் காணப்பட்ட பப்பாசி மாப்பூச்சி கொய்யாவையும் விட்டுவைப்பதில்லை. இனிப்பை நாடிவரும் எறும்புகள், மாப்பூச்சியைத் தின்னவரும் நன்மைதரும் பூச்சிகளை விரட்டுகின்றன. ஆகையால், நிலத்தைத் தொடும் கிளைகளை வெட்டி, எறும்பு ஏறும் வழியைத் தடுக்க. மிகத் தாக்குண்ட தளிர்களை நறுக்கி எரிக்க. எஞ்சியவற்றுக்கு ஒரு லீற்றர் நீரில் 5 கிராம் சவர்க்காரத்தைக் கரைத்து, மாலை வேளையில் இலையின் அடிப்புறம் நனையுமாறு தெளிக்க. முதலில் ஒரு கிளையிலே தெளித்து, இலை கருகாமையைக் கண்டபின் மற்றவற்றுக்குத் தெளித்தல் நன்று.

வாடலும் இலை வெளிறலும்

கிளை நுனியில் இலை மஞ்சளாகி, ஒரு பக்கமாகத் தொடங்கி மரம் முழுதும் காய்ந்துபோவது வாடல் நோய். இந்தியாவின் அலகபாத்தில் 1935ஆம் ஆண்டிலேயே இந்நோய் அறியப்பட்டது. மண்ணில் வாழும் பூஞ்சணத்தால் வரும் இது, நீர் தேங்கும் நிலத்தில் மிகும். முற்றாக வாடிய மரத்தைக் காப்பாற்ற மருந்தில்லை. வேரோடு அகழ்ந்து எரித்து, அவ்விடத்தில் மீண்டும் கொய்யாவை நடாது விடுக. எஞ்சிய மரங்களுக்கு வடிகால் வெட்டுக; கொத்தும்போது வேரைக் காயப்படுத்தாதிருக்க.

இலை சிறுத்து, நரம்புகளுக்கிடையே மஞ்சளாகிக் காணப்படின், அது நோயன்று. பெரும்பாலும் நாகச்சத்துக் குறைவேயாகும். ஒரு லீற்றர் நீரிலே 5 கிராம் நாகசல்பேற்றும் 3 கிராம் நீற்றிய சுண்ணாம்பும் கரைத்து, வடித்து இலைமீது தெளிக்க.

பழைய மரத்தைப் புதுப்பித்தல்

கொய்யா புதுத் தளிரிலேயே பூக்கும். நெடுங்காலம் வெட்டாது விட்ட மரத்தில் தளிர் குறைவாகையாற் காயும் குறையும். நிழல் செறிந்து பூச்சியும் பெருகும். ஆகையால், பழைய மரம் ஆயினும் அடிமரம் உறுதியாக இருப்பின் அழிக்காதீர்கள். ஆவணி, புரட்டாதியில் கிளைகளை நிலத்திலிருந்து நான்கு அடி உயரத்தில் வெட்டுக. 100 கிராம் மயிற்றுத்தத்தையும் 100 கிராம் நீற்றிய சுண்ணாம்பையும் ஒரு லீற்றர் நீரிற் கலந்து, வெட்டுவாயிற் பூசுக. இக்கலவையை இரும்புப் பாத்திரத்திற் செய்தலாகாது. மழையோடு வரும் தளிர்களுள் வலிய சிலவற்றை நான்கு திசைக்கும் விட்டு, ஏனையவற்றை நீக்குக. கிளைவிரிவின் ஓரத்தை அடுத்து வட்டமாக ஆழமற்ற கான் வெட்டி, இரண்டு கூடை உக்கிய எரு இட்டு மூடுக. பின்னர் ஆண்டுதோறும் அறுவடை முடிந்ததும் கிளை நுனிகளை அரை அடி நறுக்கிவரின், மரம் உயராது. கைக்கெட்டும் உயரத்திலே காய்க்கும். பை கட்டுதலும் எளிதாகும்.

சுருக்கம்

நீரை வடியவிடுக, விழுந்த பழத்தைப் பொறுக்குக, கிளையை நறுக்குக. இம்மூன்றுக்கும் வேண்டியவை மண்வெட்டியும் கத்தியும் கூடையுமே. இவற்றைச் செய்தும் மரம் தேறாதாயின், தாக்குண்ட இலையையும் வேரையும் எடுத்துச் சென்று, உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் காட்டி, அவர் கூறும் மருந்தைக் கூறிய அளவிலே உபயோகிக்க.