யமனாக நிற்கப் போகும் பிள்ளையளுக்கு

ஒட்டுசுட்டானில் 'சத்தியவான் சாவித்திரி' பழகத் தொடங்கியிருக்கிறீர்கள். சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) எழுதிய இந்த இசை நாடகம் கடல் தாண்டி வந்து எங்கட மேடைகளிலும் விடிய விடிய நடந்தது. மேடையேற முன்னம் சில விசயங்கள் சொல்லுகிறேன்.

1. யமன் ஆர் என்று முதலில் விளங்குங்கோ. அவர் தருமராசன், நாள் முடிந்த உயிரை எடுப்பவர். சத்தியவான் நல்லவன் என்பதால் தூதரை அனுப்பாமல் தானே வந்தார் என்று பாரதம் சொல்லுகிறது. அந்த மரியாதை உங்கட நடையில் தெரியவேண்டும்.

2. கத்தாதேங்கோ. மொசார்ட் 1791இல் வியன்னாவில் மேடையேற்றிய 'மந்திரப் புல்லாங்குழல்' ஓபராவில், எகிப்தியரின் கீழுலக அரசன் ஓசிரிசை வேண்டும் பாட்டு ஒன்று உண்டு. அடிக்குரல்காரர் அதை ஆறுதலாகத்தான் பாடுவார். பயம் நிதானத்தில் வரும்.

3. சாவித்திரியும் யமனும் ஒரே காட்சியில் தர்க்கம் பாடுவதால் நடுவில் கட்டை மாற்ற ஏலாது. சாவித்திரிக்கு ஏற்ற சுருதியை வையுங்கோ. யமன் கீழ்ஸ்தாயியில் நிற்கட்டும்.

4. சாவித்திரி அழுது வரம் வாங்கினவள் அல்ல, நியாயம் கதைத்து வாங்கினவள். மாமனுக்குக் கண்பார்வை, இழந்த நாடு, தகப்பனுக்குப் பிள்ளைகள், பிறகு தனக்குப் பிள்ளைகள்: இந்த வரிசையில்தான் அவளின் புத்தி இருக்கிறது. யமனாக நிற்பவர் ஒவ்வொரு சொல்லையும் கேட்கவேண்டும். மாட்டுப்பட்டவர் மாதிரி முழிக்காதேங்கோ. அவள் பேச்சில் மனம் நிறைந்து கொடுப்பவர் அவர்.

5. யமனின் கணக்குப்பிள்ளை சித்திரகுப்தனைப் பகிடிக்காரனாக்காதேங்கோ. எகிப்தியக் கதையில் செத்தவரின் இதயத்தைத் தராசில் வைத்து ஓர் இறகோடு நிறுப்பார்கள். தோத் என்ற தெய்வம் கணக்கெழுதும். இதயம் பாரமென்றால் முதலைத்தலை மிருகம் தின்றுவிடும். அப்பேர்ப்பட்ட வேலை அது.

6. காங்கேசன்துறை நடிகமணி வி. வி. வைரமுத்து நடித்த 'மயான காண்டம்' பற்றி ஊர்ப் பெரியவர்களிடம் கேளுங்கோ. சுடலையில் நிற்கிறவனின் துயரத்தைப் பாட்டால் அவர் எப்படிச் சொன்னார் என்று விளங்கும்.

7. முன்னால் இருப்பவர்களை மறக்காதேங்கோ. 2009இல் போரில் உறவைப் பறிகொடுத்தவர்கள் அவர்கள். சத்தியவான் விழும் கட்டத்தை ஒப்பாரியாக நீட்டவேண்டாம். அவன் உயிர்த்தெழும்போது யாராவது எழும்பிப் போனால் குறையாக எடுக்காதேங்கோ. அவர்கள் வீட்டில் அப்படி ஒருவரும் திரும்பி வரவில்லை.

8. உடுப்பும் கிரீடமும் கடைசியில். முதலில் ஆர்மோனியக்காரரோடு இருந்து தர்க்கப் பாட்டு முழுவதையும் பாடமாக்குங்கோ. அடுத்தவரின் அடியும் உங்களுக்குப் பாடமாக இருக்கவேண்டும். அப்போதுதான் மேடையில் ஒருவர் தடுமாறினால் மற்றவர் எடுத்துக் கொடுக்கலாம்.