உழக்கு நெய்யும் ஓராண்டுக் கணக்கும்

குமாரலிங்கபுரம், அருப்புக்கோட்டை, திருச்சுழி ஆகிய ஊர்கள் அமைந்த வானம் பார்த்த கரிசல் நாடு, பண்டு சமணம் தழைத்த நிலமாகும். வெண்புநாட்டுக் குரண்டித் திருக்காட்டாம்பள்ளியைச் சார்ந்தோர் பெயர்களை மதுரைச் சமணர் மலைக் கல்வெட்டுகளில் நாம் இன்றும் படிக்கலாம். திருச்சுழியை அடுத்த பள்ளிமடத்திலும் பாண்டியர் காலக் கல்வெட்டுகள் உள்ளன.

நொந்தா விளக்கு ஒன்றுக்கு ஐம்பது ஆடு விட்டு, நாள்தோறும் உழக்கு நெய் அளக்கச் செய்வது பாண்டியர் கல்வெட்டுகளில் பெருவழக்கு. அந்த உழக்கு எவ்வளவு?

வாய்பாடு எளிது. இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு. இரண்டு உழக்கு ஓர் உரி. இரண்டு உரி ஒரு நாழி. எட்டு நாழி ஒரு குறுணி. பன்னிரண்டு குறுணி ஒரு கலம். எனவே 365 நாளைக்கு 365 உழக்கு, அதாவது 91 நாழி 1 உழக்கு. இதுவே 11 குறுணி 3 நாழி 1 உழக்கு ஆகும். கலம் நிறைய இன்னும் நாலே முக்கால் நாழி வேண்டும்.

இதுவரை ஐயமில்லை. லிட்டருக்கு மாற்றும்போதுதான் இடர் தோன்றுகிறது. இக்கால நூல்கள் பலவும் ஆழாக்கை 168 மில்லிலிட்டர் என்கின்றன. அவ்வாறாயின் உழக்கு 336 மில்லிலிட்டர். ஆண்டுக்கு ஏறத்தாழ 122.6 லிட்டர். நாழியைப் படியாகவே எண்ணி, படியை 1.6 லிட்டராக வைத்தால் அதே நெய் 146 லிட்டராகிவிடும்! இவ்விரண்டும் பிற்கால அளவுகளே. ஆயிரம் ஆண்டுக்கு முந்திய நாழியை இவற்றால் அளப்பது பொருந்துமா? தஞ்சைப் பெரிய கோயிலில் மரக்காலுக்கே ஆடவல்லான் என்று பெயர் சூட்டி, அது இராசகேசரிக்கு ஒத்தது எனவும் குறித்தனர். எந்தக் கருவியால் அளப்பது என்று சொல்லியாக வேண்டிய நிலை இருந்தமையால்தான் அவ்வாறு எழுதினர். ஆட்டின் தொகையைக் கொண்டும் அளவை ஊகிக்க இயலாது. அங்கே உழக்கு நெய்க்கு 96 ஆடுகள்.

நம் இல்லங்களில் பழைய தருமக் கணக்குச் சுவடிகள் வைத்திருப்போர் பலர். அவற்றைப் படியெடுக்கையில் நாழியை நாழியென்றே எழுதுக. மரக்காலின் பெயர் இருந்தால் அதனையும் விடாது குறிக்க. லிட்டர்க் கணக்கை ஓரத்தில் தனியே எழுதலாம். மூலத்தை அழித்து லிட்டரை மட்டும் எழுதிவிட்டால், பின்னர் எவரும் திருத்த இயலாது.

சிறுவர்களுக்கு ஒரு கணக்கு: இருபத்தைந்து ஆட்டுக்கு அரை விளக்கு, நாளொன்றுக்கு ஆழாக்கு நெய். ஆண்டுக்கு எவ்வளவு? விடை: 5 குறுணி 5 நாழி 1 உரி 1 ஆழாக்கு.