புல்தரைக்குத் திரவ உரம்: சித்தூர், திருப்பதி வீடுகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

சித்தூரிலோ திருப்பதியிலோ ஓர் உரக்கடைக்குப் போய், "வீட்டு முன்னால புல் போட்டிருக்கோம், பச்சையா வரணும், தண்ணியில கலந்து ஊத்துற மாதிரி ஏதாவது குடுங்க" என்று கேட்டுப் பாருங்கள். கடற்பாசிச் சாறு, ஹியூமிக், நானோ யூரியா, மீன் அமிலம், பெயரே புரியாத ஒரு 'டானிக்' என்று ஐந்தாறு பாட்டில்கள் மேசைக்கு வரும். எல்லா லேபிளிலும் ஒரு பச்சை வயல் இருக்கும். கடைக்காரர் மேல் தப்பில்லை. அவர் கடை தக்காளிக்கும் மாமரத்துக்கும் கரும்புக்கும் நிலக்கடலைக்கும் வைத்தது. புல்லுக்கு உரம் கேட்டு வருபவர்கள் அவருக்குப் புதியவர்கள்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான வீடுகளுக்கு ஏற்ற திரவ உரம் பாட்டிலில் இல்லை. தண்ணீரில் முழுக்கக் கரையும் தூளாக ஒரு கிலோ பையில் இருக்கிறது. அதைத் திரவமாக்க உங்கள் வீட்டுப் பூவாளியே போதும். ஏன் என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

முதல் படி: உங்கள் புல் எது?

நர்சரியில் பொதுவாகக் கிடைப்பவை அருகம்புல் வகைகள், கொரியன், மெக்சிகன், அகன்ற இலையுள்ள பஃபலோ. அருகம்புல் வெயிலை விரும்பும், பசியும் அதிகம், உரம் போட்டால் ஒரு வாரத்தில் பதில் சொல்லும். கொரியன் மெல்ல வளரும். அதற்கு அருகம்புல்லின் அளவில் உரம் கொடுத்தால் மேடு மேடாக உப்பிக்கொண்டு, அடியில் காய்ந்த புல் மெத்தையாகச் சேர்ந்துவிடும். என்ன புல் என்றே தெரியாவிட்டால், கீழே சொல்லும் அளவில் பாதியில் தொடங்குங்கள்.

மாமரத்தடியில் புல் வரவில்லை என்று உரம் தேடுபவர்கள் இந்தப் பக்கத்தில் நிறைய. நிழலுக்கு உரம் மருந்தல்ல. அந்த இடத்தில் புல்லை எடுத்துவிட்டு வேறு செடி வையுங்கள்.

இரண்டாம் படி: மண்ணையும் போர் தண்ணீரையும் பாருங்கள்

இந்த இரண்டு மாவட்டங்களிலும் பெரும்பகுதி செம்மண். மணல் கலந்தது, தண்ணீரைப் பிடித்து வைக்காது, மக்கு குறைவு. இப்படிப்பட்ட மண்ணில் நைட்ரஜன் நிற்காது. தண்ணீரோடு கீழே இறங்கிவிடும். ஆகவே ஆறு மாதத்துக்கு ஒருமுறை கைநிறைய உரம் இறைப்பதைவிட, பதினைந்து நாளுக்கு ஒருமுறை கொஞ்சமாகத் தண்ணீரில் கரைத்துக் கொடுப்பதே பொருத்தம். திரவ உரத்துக்கு இங்கே உள்ள உண்மையான நியாயம் இதுதான். மற்றதெல்லாம் விளம்பரம்.

புதிதாகக் கட்டிய வீடு என்றால் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். புல்லுக்கு அடியில் இருப்பது மண்ணா, கட்டட இடிபாடா? ஒரு சாண் ஆழம் தோண்டிப் பாருங்கள். சிமென்டுக் கட்டியும் ஜல்லியும் வந்தால் எந்தப் பாட்டிலும் உதவாது.

அடுத்தது தண்ணீர். பக்கெட்டின் உள்ளேயும் குழாய் வாயிலும் வெள்ளைப் படிவு ஏறியிருந்தால் அது உப்பும் சுண்ணாம்பும் மிகுந்த கடினநீர். அதை நாள்தோறும் பாய்ச்சும் புல்தரையில், மண்ணில் இரும்பு இருந்தும் வேரால் எடுக்க முடியாமல் போகும். மஞ்சள் நிறத்துக்குப் பாதிக் காரணம் இதுதான். மழைநீரைச் சேர்க்கும் தொட்டி இருந்தால் உரம் கரைக்க மட்டுமாவது அதை வைத்துக்கொள்ளுங்கள்.

மண் பரிசோதனை செய்ய முடிந்தால் செய்யுங்கள். திருப்பதியில் 1961-இல் தொடங்கிய ஸ்ரீ வெங்கடேஸ்வரா வேளாண் கல்லூரியும், ஆச்சார்ய என்.ஜி.ரங்கா வேளாண் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையமும் இருக்கின்றன. மாதிரியை எங்கே கொடுக்கலாம் என்று அங்கேயோ வேளாண் துறை அலுவலகத்திலோ விசாரியுங்கள். புல்தரையின் நாலைந்து இடங்களில் நான்கு அங்குல ஆழம் வரை மண் எடுத்து, கலந்து, நிழலில் உலர்த்திக் கொடுத்தால் போதும்.

மூன்றாம் படி: லேபிளின் பின்பக்கத்தைப் படியுங்கள்

முன்பக்கத்துப் படத்தை விட்டுவிடுங்கள். பின்னால் மூன்று எண்கள் இருக்க வேண்டும்: நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாஷ். 19:19:19 என்றால் நூறு கிராமில் ஒவ்வொன்றும் 19 கிராம். கடையில் இதை '19 ஆல்' என்பார்கள். 13:0:45 பொட்டாசியம் நைட்ரேட். 12:61:0, 0:52:34 ஆகியவை பாஸ்பரஸ் மிகுந்தவை, பூவுக்கும் காய்க்கும் எடுப்பவை, புல்லுக்கு அநாவசியம். புல்லுக்கு வேண்டியது இலை, அதற்கு முதல் தேவை நைட்ரஜன், அடுத்தது பொட்டாஷ். பாஸ்பரஸ் கொஞ்சம் போதும்.

எண்ணே இல்லாத பாட்டிலா? அது உரமல்ல, ஊக்கியாக இருக்கலாம். கடற்பாசிச் சாறும் ஹியூமிக் அமிலமும் இந்த வகை. 1985-ஆம் ஆண்டின் உரக் கட்டுப்பாட்டு ஆணையில் இவற்றுக்கென்று 2021-இல் தனிப் பிரிவே சேர்த்தார்கள். வேருக்கு நல்லது செய்யலாம்; பசியாற்றாது. சத்து எவ்வளவு என்றும் எழுதாமல், தயாரிப்பாளர் முகவரியும் இல்லாமல் வரும் 'டானிக்'குகளைத் தொடவே வேண்டாம்.

நானோ யூரியா: ஒரு சிறு கணக்கு

இதைப் பற்றிக் கேட்காதவர்கள் இல்லை என்பதால் கொஞ்சம் நின்று பேசலாம். இஃப்கோ நிறுவனம் 2021-இல் இதை அறிமுகம் செய்தபோது, 500 மில்லி பாட்டில் ஒன்று யூரியா மூட்டை ஒன்றுக்கு ஈடு என்றது. அந்தப் பாட்டிலில் இருந்தது 4 சதவீத நைட்ரஜன், அதாவது ஏறக்குறைய 20 கிராம். 45 கிலோ யூரியா மூட்டையில் 46 சதவீதம், அதாவது 20 கிலோவுக்கு மேல். ஆயிரம் மடங்கு வித்தியாசம். துகள் நுண்ணியது, இலை வழியே நேராக உள்ளே போகிறது, வீணாவதில்லை என்பது நிறுவனத்தின் வாதம். இல்லாத நைட்ரஜனை நுண்மை எப்படி ஈடுகட்டும் என்று விஞ்ஞானிகள் கேட்டார்கள். அந்தச் சர்ச்சை இன்னும் ஓயவில்லை. இப்போது வரும் 'ப்ளஸ்' வகையில் நைட்ரஜன் கூடுதல். எண்ணைப் பார்த்து நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள்.

வீட்டுப் புல்தரையை வைத்துப் பார்ப்போம். திருப்பதிப் பக்கம் மனையை அங்கணக் கணக்கில் பேசுவது வழக்கம். ஓர் அங்கணம் 36 சதுர அடி. மூன்று அங்கணம் என்பது ஏறக்குறைய பத்துச் சதுர மீட்டர், பத்து லிட்டர் பூவாளி ஒன்றுக்குச் சரியான பரப்பு. பத்து லிட்டரில் 40 மில்லி பழைய நானோ யூரியா கலந்தால் போய்ச் சேரும் நைட்ரஜன் ஒன்றரைக் கிராம் சொச்சம். அதே பத்து லிட்டரில் 40 கிராம் சாதா யூரியா கரைத்தால் 18 கிராம். செம்மண்ணில் பசியோடு இருக்கும் அருகம்புல்லுக்கு ஒன்றரைக் கிராம் எந்த மூலைக்கு?

ஜீவாமிர்தமும் பஞ்சகவ்யமும்

ஆந்திர அரசின் இயற்கை விவசாயத் திட்டத்தால் திரவ ஜீவாமிர்தம் இங்கே எல்லோருக்கும் தெரிந்த பெயர். சுபாஷ் பாலேக்கர் பரப்பிய முறை அது. 200 லிட்டருக்குச் சொல்லும் அளவைப் பத்தில் ஒன்றாகக் குறைத்தால் வீட்டுக்குச் சரி: 20 லிட்டர் தண்ணீர், ஒரு கிலோ பசுஞ்சாணம், ஒரு லிட்டர் கோமியம், 200 கிராம் வெல்லம், 200 கிராம் பயறு மாவு, இரசாயனம் படாத மண் ஒரு பிடி. சித்தூரில் வெல்லத்துக்குப் பஞ்சமில்லை. வெளுப்பேற்றாத கருவெல்லமாக வாங்குங்கள். நிழலில் இரண்டு நாள் வைத்து, காலை மாலை கலக்கி, துணியில் வடிகட்டி, ஒன்றுக்குப் பத்துத் தண்ணீர் சேர்த்து ஊற்றலாம். வடிகட்டாவிட்டால் பூவாளி வாய் அடைத்துக்கொள்ளும்.

பஞ்சகவ்யம் என்றால் ஈரோடு மாவட்டம் கொடுமுடி மருத்துவர் நடராஜன் பரப்பிய முறை நினைவுக்கு வரும். மூன்று சதவீதக் கரைசல், லிட்டருக்கு 30 மில்லி. இரண்டுமே மண்ணில் உயிர் சேர்ப்பவை, நம் செம்மண்ணுக்கு அது பெரிய உதவி. ஆனால் இவற்றில் நைட்ரஜன் சொற்பம். அடுத்த வாரம் கிரகப்பிரவேசம், அதற்குள் புல் பச்சையாக வேண்டும் என்றால் இவை கை கொடுக்காது. மாதம் ஒருமுறை தூள் உரத்துக்கு இடையில் ஒரு நாள் ஊற்றுங்கள். மீன் அமிலமும் இதே கதைதான். கூடுதலாக, தெருவிலுள்ள பூனையெல்லாம் உங்கள் வாசலுக்கு வரும்.

நான்காம் படி: என்ன வாங்குவது, எவ்வளவு கரைப்பது

வாங்க வேண்டியது மூன்றே பொருள்: '19 ஆல்' ஒரு கிலோ, 13:0:45 ஒரு கிலோ, சில்லறையாகக் கிடைத்தால் யூரியா ஒரு கிலோ. இதோடு சமையலறைத் தராசு ஒன்று. கண்ணளவில் போடுவதுதான் புல் கருகுவதற்கு முதல் காரணம்.

மூன்று அங்கணம் அருகம்புல்லுக்கு, பத்து லிட்டர் தண்ணீரில் ஒரு தடவைக்கு 19 ஆல் என்றால் 50 கிராம், யூரியா என்றால் 40 கிராம். பதினைந்து நாளுக்கு ஒருமுறை யூரியா. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அதற்குப் பதில் 19 ஆல். வெயில் ஏறும் முன், பிப்ரவரி கடைசியிலும் மார்ச்சிலும் 13:0:45, 50 கிராம். பொட்டாஷ் புல்லை வறட்சிக்குத் தயார் செய்யும். கொரியனுக்கு எல்லாவற்றிலும் பாதி. வெட்டிய புல்லை அள்ளிக் கொட்டாமல் மெல்லியதாகத் தரையிலேயே விட்டால் உரச் செலவு இன்னும் குறையும்.

தூளை வாங்கியதும் ஒரு கண்ணாடி டம்ளரில் ஒரு சிட்டிகை போட்டுக் கலக்கி அரைமணி நேரம் வையுங்கள். தெளிவாக இருந்தால் நல்ல சரக்கு. அடியில் வெள்ளையாகத் தங்கினால் ஒன்று கலப்படம், இல்லையென்றால் உங்கள் போர் தண்ணீர் பாஸ்பரஸோடு சேர்ந்து படிகிறது. கேன் தண்ணீரில் மறுபடி செய்து பார்த்தால் எது என்று தெரிந்துவிடும்.

ஐந்தாம் படி: தெளிக்கும் நாள்

புல் தாகத்தோடு இருக்கும்போது உரம் கொடுக்கக்கூடாது. முந்தின நாள் நன்றாகத் தண்ணீர் விடுங்கள். மறுநாள் வெயில் தாழ்ந்தபின், நாலரை ஐந்து மணிக்கு ஊற்றுங்கள். முதல் தடவை ஓரமாக ஒரு சதுர மீட்டரில் மட்டும் ஊற்றி, மூன்று நாள் பொறுத்து, இலை நுனி கருகவில்லை என்று பார்த்துவிட்டு மற்ற இடத்துக்குப் போங்கள். ஊற்றி முடித்ததும் வெறும் தண்ணீரை இலை கழுவும் அளவுக்கு விட வேண்டும். தரை உலரும்வரை பிள்ளைகளையும் நாயையும் விடாதீர்கள்.

ஒரு முக்கிய எச்சரிக்கை. வாடகைக்கோ பக்கத்து வீட்டிலோ ஸ்பிரேயர் வாங்கினால், அதில் முன்பு களைக்கொல்லி அடித்தார்களா என்று கேளுங்கள். அடியில் மிச்சமிருந்த களைக்கொல்லி புல்தரையைக் கொன்றுவிடும்; பழியை உரம் சுமக்கும். வீட்டுக்குப் பூவாளியே பத்திரம்.

மழை வரும் என்று தெரிந்தால் தள்ளிப் போடுங்கள். வடகிழக்குப் பருவமழையில் இங்கே ஒரே இரவில் கொட்டிவிடும். 2021 நவம்பரில் திருப்பதித் தெருக்களில் வெள்ளம் ஓடியது மறந்திருக்காது. மழைக்கு முன் ஊற்றும் யூரியா தெருச் சாக்கடைக்குப் போகும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மாதம் ஒருமுறை போதும். ஈரத்தில் நைட்ரஜன் மிகுந்தால் பூஞ்சை வட்ட வட்டமாகப் பழுப்பாக்கும். அந்த மாதங்களில் உரப் பையை இறுக்கக் கட்டி மூடியுள்ள டப்பாவில் வையுங்கள், இல்லையென்றால் தூள் தானே கசிந்துவிடும்.

உரம் கொடுத்தும் மஞ்சளா?

எந்த இலை என்று குனிந்து பாருங்கள். அடியிலுள்ள பழைய இலை முதலில் மஞ்சளானால் நைட்ரஜன் பற்றாக்குறை. குருத்து வெளிறி, நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்பு. அதற்கு யூரியாவைக் கூட்டிக்கொண்டே போவது வீண்.

நிலக்கடலை விவசாயிகளுக்கு இது பழகிய நோய். லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட்), ஒரு கிராம் சிட்ரிக் அமிலம் கரைத்துத் தெளிப்பார்கள். புல்லுக்கும் அதுவே. பத்துப் பதினைந்து நாள் இடைவெளியில் இரண்டு தடவை, இலை நனையும் அளவுக்கு. இதை மட்டும் கழுவிவிடக்கூடாது, இலையிலேயே காய வேண்டும். 19 ஆல் கரைசலோடு சேர்த்துக் கலக்காதீர்கள், இரும்பும் பாஸ்பரஸும் சேர்ந்து படிந்துவிடும். டைல்ஸ், சிமென்டுத் தரை, வெள்ளைச் சுவர் மேல் பட்டால் உடனே தண்ணீர் ஊற்றுங்கள். துருக்கறை பிடித்தால் போகாது. இரும்பு கொடுத்த புல், அதிகம் வளராமலே கரும்பச்சையாகும். வெட்டும் வேலை மிச்சம்.

ஏப்ரல், மே

இந்த இரண்டு மாதமும் வெயில் நாற்பது டிகிரியைத் தாண்டும். போரில் தண்ணீர் இறங்கி, குடிக்கும் நீருக்கே டேங்கர் வரும் தெருவாக இருந்தால், எந்த உரமும் வாங்காதீர்கள். தண்ணீர் இல்லாமல் கொடுக்கும் உரம் புல்லைக் கருக்கும். துணி அலசிய கடைசித் தண்ணீரை வாரம் ஒரு முறையாவது கொரியனுக்கும் மெக்சிகனுக்கும் விடுங்கள், அவை முழுக்கக் காய்ந்தால் திரும்புவது கடினம். அருகம்புல் மேலே பழுப்பாகக் கிடந்தாலும் அடியில் உயிரோடிருக்கும். ஜூன், ஜூலையில் நல்ல மழை இரண்டு விழுந்து, பச்சை தெரிந்த பிறகு முதல் பூவாளி உரத்தைக் கலக்குங்கள்.