காப்புநகலும் ஒப்புநோக்கலும்

ஓலைச்சுவடி வைத்திருந்தோர்க்கும் இன்று வலைத்தளம் நடத்துவோர்க்கும் பொதுவானதொரு கவலை உண்டு. கையிலுள்ள படி முழுமையானதுதானா என்பதே அது.

அரியலூர், பெரம்பலூர்ப் பகுதிகள் உ.வே.சாமிநாதையரின் மாணவப் பருவத்தோடு தொடர்புடையவை. அரியலூரில் சடகோப ஐயங்காரிடமும், பெரம்பலூரை அடுத்த செங்கணத்தில் விருத்தாசல ரெட்டியாரிடமும் அவர் தமிழ் பயின்றார். பின்னாளில் அவர் கைக்கொண்ட ஏடு ஒப்பிடும் முறை, கல்லூரிகள் இணையத்தில் இட்டுவைக்கும் மலர்களுக்கும் இன்று வேண்டப்படுவதாகிறது.

பத்துப்பாட்டை ஐயர் 1889இல் பதிப்பித்தார். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கியுரைக்கும் மலர்ப்பெயர்களுட் சில, அவர்க்கு முதலிற் கிடைத்த ஏடுகளில் இல்லை. விடாது தேடித் தருமபுர ஆதீனத்து ஏட்டில் அவற்றைக் கண்டெடுத்தார். பதிற்றுப்பத்துக்கு அப்பேறு வாய்க்கவில்லை. முதற்பத்தும் பத்தாம்பத்தும் எந்தச் சுவடியிலும் முழுமையாகக் கிட்டில. குறையுடைய ஓர் ஏட்டைப் பார்த்து நூறு படிகள் எழுதினும் நூறும் குறையுடையனவே.

வலைத்தளத்தின் காப்புநகலுக்கும் இது பொருந்தும். தளத்தை வைத்திருக்க இடந்தரும் நிறுவனத்தார், நாள்தோறும் நகல் தானே எடுக்கப்படுகிறது என்பர். எதன் நகல் என்று நாம் கேட்பதில்லை. தளம் இருகூறாக இருப்பது வழக்கம். கட்டுரைகளின் எழுத்துப்பகுதி தரவுத்தளத்தில் இருக்கும். படங்களும் பிடிஎஃப் மலர்களும் கோப்புறைகளில் இருக்கும். தரவுத்தளத்தை மட்டும் நகலெடுத்தால், படமாகவே ஏற்றப்பட்ட அரபுத்தமிழ்ச் சுவடிகள் ஒன்றுகூட எஞ்சா.

கிட்லேப் என்னும் பெருநிறுவனத்துக்கு நேர்ந்ததை ஈண்டு நினைக்கலாம். 2017 சனவரி 31 அன்று அதன் பணியாளர் ஒருவர் தவறான வழங்கியில் தரவுத்தளத்தை அழித்துவிட்டார். காப்புமுறைகள் ஐந்து இருந்தும் ஒன்றும் நம்பத்தக்கதாய் அமையவில்லை. மென்பொருட் பதிப்பு பொருந்தாமையால் நாள்நகல் எடுக்கும் பணி ஓசையின்றித் தோற்றுவந்தது. நகல் இருக்கவேண்டிய சேமிப்பிடம் வெறுமையாய்க் கிடந்தது. தோல்வியை அறிவிக்கும் மின்னஞ்சல்களும் உரியவரைச் சேரவில்லை. வேறொரு வேலைக்காக ஆறுமணி நேரம் முன்பு ஒருவர் எடுத்துவைத்த நகலே கைகொடுத்தது. இதனைக் காப்பு என்பதினும் நற்பேறு என்பதே தகும்!

ஆகவே சோதனை வேண்டும். நேற்றைய நகலின் அளவோடு இன்றையதை ஒப்பிடுக; திடீரெனச் சுருங்கியிருப்பின் ஐயுறுக. மைஎஸ்க்யூஎல் தரவுத்தள நகல் முற்றுப்பெற்றிருந்தால், ஈற்றில் ‘டம்ப் கம்ப்ளீட்டட்’ என்னும் குறிப்பு பொதுவாக இருக்கும். ஏடெழுதினோர் இறுதியில் நாள்குறித்து, எழுதி முடிந்தது என வரைந்தமை போன்றது இது. எனினும் ஈற்றுவரி இருப்பதனால் இடையில் ஓலை உதிரவில்லை என்று கொள்ளலாகாது.

நகலை வேறொரு கணிப்பொறியில் விரித்துத் தளத்தை எழுப்பிப் பார்ப்பதே உறுதியான வழி. தமிழ்த்தளங்களுக்கு இது மிக இன்றியமையாதது. எழுத்துக் குறியீடு பொருந்தாமல் நகலெடுத்தால் தமிழெழுத்தெல்லாம் வினாக்குறிகளாக மாறிவிடுவதுண்டு; அவ்வாறே சேமிக்கப்பட்டபின் அந்நகலிலிருந்து மீட்க வழியில்லை. கோப்பின் அளவு இதனை வெளிப்படக் காட்டாது. புள்ளியிடாத ஏட்டைப் பழகியோர் படித்துவிடுவர். வினாக்குறி வரிசையை யார் படிப்பார்?

நகல் இருக்கும் இடமும் கருதத்தக்கது. பிரான்சு நாட்டு ஸ்ட்ராஸ்பூர்க்கில் 2021 மார்ச்சு 10 அன்று ஓவிஎச் நிறுவனத்தின் தரவு மையம் தீப்பற்றியபோது, நகலையும் அவ்வளாகத்திலேயே வைத்திருந்த வாடிக்கையாளர் சிலர் இரண்டையும் ஒருங்கே இழந்தனர். எனவே ஒரு படியேனும் வேற்றூரில் இருத்தல் நலம்.

துறைகளில் இதனை மாணவர் இருவரிடம் ஒப்படைக்கலாம். பருவத்துக்கு ஒருமுறை மீட்டெழுப்பிய தளத்தில் ஒவ்வொரு மலரின் முதலும் இடையும் கடையும் திறந்து ஒருவர் வாசிக்க, அச்சுப்படியை வைத்து மற்றவர் சரிபார்க்கலாம். பக்கம் குறைந்தால் எந்த நாள் நகலில் குறையத் தொடங்கியது என்று பின்னோக்கித் தேடவேண்டும். அதற்குப் பழைய நகல்கள் சிலவற்றையும் அழிக்காமல் வைத்திருத்தல் வேண்டும்.